சைவ முட்டை

1

இன்னிக்கு எங்க ஊரு திருவண்ணாமலையில தீபம். இங்க விஸ்கான்சின்ல வாசல்ல முழங்கால் உசரத்துக்குப் பனி கொட்டிக் கெடக்குது. அதை வாரித் தள்ளிட்டு வந்து எழுத உக்காந்திருக்கேன். மலையை நெனச்சு உருகுற கட்டுரைன்னு நெனச்சு யாராவது கையில எடுத்திருந்தா இப்பவே கீழ வெச்சுடுங்க. உருகுற ஆள் நான் இல்ல. கொதிச்சுப்போய் உக்காந்திருக்கேன்.

விஷயம் இதுதான். நாளைக்குக் காலையில நான் வேலை பாக்குற கம்பெனிக்கு கவர்மெண்ட்டுல இருந்து பெரிய ஆபீசர் ஒருத்தர் வராரு. என்னைக் கூப்பிட்டு, "போன வியாழக்கிழமை மிஷினை ஏன் நிறுத்தினே?"ன்னு கேப்பாரு. "எங்க மதத்துல ஆகாதுங்க"ன்னு சொன்னேன்னா என் வேலை தப்பிக்கும். நெஜத்தைச் சொன்னா போயிடும். வேலை போனா எங்க மூணு பேருக்கும் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸும் போயிடும். எங்க வீட்டுக்காரர் ரஹீம் வேலை பாத்த தோல் கம்பெனியை வெயில் காலத்துலயே மூடிட்டாங்க. அவரு வீட்ல உக்காந்து பேப்பர்ல வேலை விளம்பரத்தை வட்டம் போட்டுக்கிட்டு இருக்காரு. இப்ப எங்க வீட்டு அடுப்பு எரியறது என் ஒருத்தி சம்பளத்துல.

"என்னா சொல்லப் போற?"ன்னு அவரு நேத்துலருந்து கேக்குறாரு. நான் பதில் சொல்லல. பதில் தெரியாம இல்ல. சொன்னா அவருக்குத் தூக்கம் போயிடும், அதான்.

2

என் வேலை முட்டை உடைக்கிறது. ஊர்ல இருந்து லெட்டர் வந்தா எங்க வீட்டுக்காரர் "மெஹருன்னிசா ஒரு ஃபுட் கம்பெனியில இருக்கா"ன்னு பதில் எழுதுவாரு. பொண்டாட்டி முட்டை உடைக்கிறாள்னு எழுத அவருக்கு வெக்கம். எனக்கென்னா வெக்கம்? ரொட்டிக்கடைக்காரர் பொண்ணு நான். முட்டை உடைக்கிறதைப் பாத்துத்தான் வளந்தேன்.

ஊர்ல கடைக்குப் போயி முட்டை வாங்கறவங்களுக்கு இது புரியாது, அதனால சொல்றேன். கேக் கம்பெனி, நூடுல்ஸ் கம்பெனி எல்லாம் முட்டையை ஓட்டோட வாங்கறதில்ல. உடைச்சு, வடிகட்டி, சூடு பண்ணி, வாளி வாளியா உறைய வெச்சதைத்தான் வாங்குது. அதை உடைச்சுக் குடுக்கிற இடம் எங்க கம்பெனி. மிஷின்ல முட்டை வரிசையா வரும், கத்தி ஓட்டைக் கீறும், உள்ள இருக்கிறது சின்னச் சின்ன கிண்ணத்துல விழும். நாங்க பொம்பளைங்க எதிரும் புதிருமா நின்னு ஒவ்வொரு கிண்ணத்தையும் பாக்கணும், மோந்து பாக்கணும். கெட்டது வந்தா ஒரு லீவரை அமுக்கினா கிண்ணம் கவுந்து குப்பை வாளியில கொட்டிடும். நல்லது குழாய் வழியா பெரிய தொட்டிக்குப் போகும்.

இந்த ஊர் சட்டம் லேசுப்பட்டது இல்ல. கவர்மெண்ட்டு இன்ஸ்பெக்டர் ஒருத்தர் கட்டடத்துக்குள்ள இருந்தாத்தான் மிஷினே ஓடும். அவரு வரலைன்னா நாங்க கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். என்னென்ன முட்டை ஆகும், எது ஆகாதுன்னு சுவத்துல பெரிய எழுத்துல ஒட்டியிருக்குது. அதுல ஒண்ணு, குஞ்சு பொரிக்கிற பெட்டியில வெச்சு எடுத்த முட்டை. பண்ணைக்காரங்க முட்டையைப் பெட்டியில வெச்சு ஒரு வாரம், பத்து நாள் சூடு காட்டுவாங்க. அப்புறம் வெளிச்சத்துல பாத்து, குஞ்சு உருவாகாத முட்டையெல்லாம் வெளிய எடுத்துடுவாங்க. அது மனுஷன் வாய்க்குப் போகக்கூடாதுன்னு சட்டம்.

வியாழக்கிழமை மத்தியானம் புதுசா ஒரு லோடு வந்துச்சு. அட்டையில பண்ணைப் பேரும் இல்ல, ஊர்ப் பேரும் இல்ல. மொத அட்டை ஓடும்போதே எனக்கு சந்தேகம் வந்துடுச்சு. மஞ்சக்கரு விழுந்த உடனே ஒடையுது. வெள்ளைக்கரு தண்ணியா ஓடுது. நாலஞ்சு தடவை லீவரை அமுக்கினேன். அதுக்கடுத்த கிண்ணத்துல மஞ்சக்கரு மேல வட்டமா ஒரு ரத்தக் கோடு. மோதிரம் வெச்சு அழுத்தின மாதிரி இருந்துச்சு. பெட்டியில உசுரு புடிச்சு ரெண்டு மூணு நாள்ல செத்துப்போன கரு அது. அதை வேற எதுன்னும் சொல்ல முடியாது. தலைக்கு மேல தொங்கற சிவப்புக் கயித்தைப் புடிச்சு இழுத்துட்டேன். மிஷின் நின்னுடுச்சு.

ஃபோர்மேன் கேரி ஓடியாந்தான். "மேரி, என்னா ஆச்சு?" என் பேரு அவங்க வாயில நுழையாது, அதனால மேரி.

"இது பெட்டி முட்டை, கேரி."

கேரி கிண்ணத்துக்குள்ள பாத்தான். அவன் பண்ணையில பொறந்து வளந்தவன். அவனுக்குத் தெரியாதுன்னு நெனச்சுடாதீங்க. பாத்த உடனே காது ரெண்டும் செவந்துடுச்சு. கையை நீட்டி லீவரை அமுக்கிட்டான். கிண்ணம் கவுந்துடுச்சு.

"எல்லாத்தையும் சூடு பண்ணப் போறோம்ல? எந்தக் கிருமியும் பொழைக்காது. ஓட்டு."

"ஓட்ட மாட்டேன்."

எனக்கு எதிர்ல நின்ன மார்லீனும் பாத்தா. போன கிறிஸ்மஸ்ஸுக்கு எனக்கு ஸ்வெட்டர் பின்னிக் குடுத்தவ. அவ தலையைக் குனிஞ்சு கையுறையைச் சரி பண்ணிக்கிட்டே இருந்தா. நான் போட்ட கூச்சல்ல, பின்னால ஐஸ் ரூம்ல இருந்த இன்ஸ்பெக்டர் வந்து சேந்தாரு. அதுக்குள்ள மிச்ச லோடு வந்த வழியே லாரியில ஏறிப் போயிடுச்சு. உடைச்சது மட்டும் நல்ல முட்டையோட கலந்து தொட்டியில கெடக்குது. இன்ஸ்பெக்டர் தொட்டியைப் பூட்டி சீட்டு மாட்டினாரு. என்னைத் தனியா கூப்பிட்டு, "நான் கண்ணால பாக்கலை, நீ பாத்திருக்கே. மேலதிகாரி வருவாரு, அவர்கிட்ட நீயே சொல்லணும்"னாரு. நல்ல மனுஷன்தான். ஆனா அவரு பாக்கலை, என்னா பண்றது.

3

அந்த ரத்த வளையத்தை நான் மொத மொதல்ல பாத்தது திருவண்ணாமலையில.

எங்க அத்தா தேரடித் தெருவுக்குப் பின்னால ஒரு சந்துல பேக்கரி வெச்சிருந்தாரு. பன், ரொட்டி, ரஸ்க், வர்க்கி, டீக்கடைக்குப் போற பிஸ்கெட்டு, அப்புறம் கேக். முன்னால கடை, நடுவுல அடுப்பு, பின்னால வீடு. மாவு பிசையறதும் அடுப்பும் ஆம்பளைங்க வேலை. முட்டை உடைக்கிறது மட்டும் வீட்டுக்குள்ள, எங்க அம்மா ஜைபுன்னிசா வேலை. ஒவ்வொரு முட்டையா டம்ளர்ல உடைச்சு மோந்து பாத்து, அப்புறம்தான் அண்டாவுல ஊத்துவாங்க.

கோயில் ஊர்ல பேக்கரி நடத்தறது கம்பி மேல நடக்கிற வித்தை. வர்றவங்க பாதிப் பேர் மொதல்ல கேக்குறது, "பாய், இதுல முட்டை சேத்திருக்கா?" அத்தா, "இதுல இல்லைங்க, அதுல இருக்குதுங்க"ம்பாரு. அவரு சொன்னா முடிஞ்சுது. பன் வேகுற தட்டுல கேக் வேகாது. ரெண்டுக்கும் துடைக்கிற துணிகூட வேற வேற. கார்த்திகையில கொடி ஏத்தறதுக்கு முந்தின நாளே முட்டையை நிறுத்திடுவோம். கேக் தட்டெல்லாம் புளி போட்டுத் தேச்சு பரண் மேல ஏத்திடுவோம். தீபம் முடியறவரைக்கும் பன்னும் ரஸ்க்கும்தான். எங்களை யாரும் நிறுத்தச் சொன்னதில்ல. நாங்களா செஞ்சதுதான், தலைமுறையா.

ஆனா அத்தாவுக்கு உள்ளுக்குள்ள ஒரு பொருமல். "ஊரு கொள்ளாத ஜனம் வருது. நம்ம கேக் தட்டு பரண்ல தூங்குது"ன்னு வருஷா வருஷம் சொல்லுவாரு. அந்தப் பொருமலை மோப்பம் புடிச்சு வந்தவன்தான் நாகராஜு. கீழ்பென்னாத்தூர் பக்கம் கோழிப்பண்ணை போட்டு, குஞ்சு பொரிக்கிற மிஷினும் வெச்சிருந்தான். அப்பதான் எங்க பக்கம் வெள்ளைக் கோழி, வெள்ளை முட்டையெல்லாம் வர ஆரம்பிச்ச காலம்.

"பாய், இது சைவ முட்டை"ன்னான். "சேவல் சேராத முட்டைங்க. உள்ள உசுரே கெடையாது. மிஷின்ல வெச்சு, லைட் அடிச்சு, உசுரு இல்லாததை மட்டும் பொறுக்கி எடுத்தது. பால் மாதிரிதான். தீபத்தன்னிக்கே விக்கலாம். வெலையும் கம்மி."

மிஷின்னு சொன்னா அந்தக் காலத்துல எங்க அத்தா எதையும் நம்புவாரு. பெயிண்டரைக் கூப்பிட்டு 'சைவ முட்டை கேக் கிடைக்கும்'னு பச்சை எழுத்துல போர்டு எழுதி மாட்டிட்டாரு. கோயில் ஊருக்கு ஒரு பாய் சைவம் விக்கிறாரு, பாருங்க கூத்தை! அதைவிடக் கூத்து, ஜனம் வாங்குச்சு. ஆயுசுல கேக்கைத் தொடாத வீடெல்லாம் வாங்குச்சு. சரோஜா டீச்சர்னு எங்க ஸ்கூல்ல கணக்கு எடுத்தவங்க. வெங்காயம்கூட கார்த்திகையில சேக்க மாட்டாங்க. அவங்க பையன் பொறந்த நாளுக்கு எங்க கடையில கேக் வாங்கிட்டுப் போனாங்க.

உடைக்கிறது அம்மாவாச்சே. மொத நாளே டம்ளரைத் தூக்கிட்டு நடுக்கட்டுக்கு வந்தாங்க.

"ஏங்க, இங்க பாருங்க. இது அடை வெச்ச முட்டை. மஞ்சக்கரு நிக்கல. இதுல பாருங்க, ரத்தம்."

அத்தா பாத்தாரு. பாத்துட்டு, "அடுப்புல வேகப் போவுது, என்னா ஆயிடும்? கண்ணுல பட்டதை எடுத்துப் போட்டுட்டு மிச்சத்தை ஊத்து"ன்னாரு.

"சைவம்னு போர்டு போட்டிருக்கீங்க."

"ஜாஸ்தி பேசாத, ஜைபு. உள்ள போ."

அவருக்கும் தெரியும். கேரி மாதிரியே அவருக்கும் காது செவந்துச்சு. நான் அப்ப எஸ்.எஸ்.எல்.சி. படிச்சுக்கிட்டிருந்தேன். எங்க அத்தா பொய் சொல்லி நான் பாத்தது அதான் மொத தடவை. எனக்கு அவரு மேல அழுகை அழுகையா வந்துச்சு.

4

வெள்ளிக்கிழமை மேனேஜர் என்னை ரூமுக்குக் கூப்பிட்டாரு. கதவை அவரே சாத்தினாரு. காபி குடுத்தாரு. இத்தனை வருஷத்துல அந்தக் கம்பெனியில யாரும் எனக்குக் காபி குடுத்ததில்ல, அப்பவே உஷாராயிட்டேன்.

"மேரி, உங்க நம்பிக்கையை நாங்க ரொம்ப மதிக்கிறோம்"னு ஆரம்பிச்சாரு.

"எந்த நம்பிக்கை?"

"உங்க மதம். ரத்தம் உங்களுக்கு ஆகாதுன்னு கேள்விப்பட்டேன். அந்த லைன்ல உங்களை நிக்க வெச்சது எங்க தப்புதான். லேபிள் ஒட்டுற ரூமுக்கு மாத்திடறோம். சம்பளம் அதே சம்பளம். திங்கட்கிழமை அந்த ஆபீசர் கேட்டா, மத நம்பிக்கையால மனசு கஷ்டப்பட்டு மிஷினை நிறுத்திட்டேன்னு சொல்லுங்க. யாருக்கும் கெடுதல் இல்ல."

"சார், எங்க மதத்துல முட்டை ஆகும். காலையில ரெண்டு முட்டை தின்னுட்டுத்தான் வரேன்."

அவரு கொஞ்சம் திணறிட்டாரு. "ஆனா இந்தியாவுல... மாடு..."

"மாட்டுக்கும் முட்டைக்கும் என்னா சார் சம்பந்தம்?"

சிரிக்கிற மாதிரி இருக்குதில்ல? எனக்கு அப்ப சிரிப்பு வரல. எவ்வளவு மரியாதையா, எவ்வளவு மெதுவா பேசறாரு பாருங்க. திட்டினாக்கூட திருப்பித் திட்டலாம். மதிக்கிறேன் மதிக்கிறேன்னு சொல்லிக்கிட்டே வாயை அடைக்கிறவனை என்னா பண்றது? நான் பாத்தது கெட்ட முட்டை. அதை என் முக்காட்டுக்குள்ள சுருட்டி வெச்சுட்டா அது வெறும் ஒரு முஸ்லிம் பொம்பளையோட அருவருப்பு ஆயிடும். முட்டை நல்ல முட்டை ஆயிடும். கேக்கா மாறி, இந்த ஊர் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க தட்டுக்குப் போயிடும்.

நாகராஜு சாமி பேரைச் சொல்லி வித்தான். இவரு என் சாமி பேரைச் சொல்லி மூடப் பாக்குறாரு. முட்டை என்னவோ ஒரே முட்டைதான்.

"யோசிச்சுச் சொல்லுங்க. உங்க வீட்டுக்காரருக்கும் வேலை இல்லைன்னு கேள்விப்பட்டேன்"னு கடைசியில சொன்னாரு. அதான் அந்தக் காபிக்கு வெலை.

5

ஊர்ல நடந்ததை முடிச்சுடறேன்.

கொடியேத்தத்துக்கு முந்தின நாள். வழக்கமா தட்டு கழுவி பரண்ல ஏத்துற நாள். அந்த வருஷம் ஏத்தல. அடுப்புல கேக் வெந்துக்கிட்டிருக்குது. சந்து முழுக்க வாசனை. அம்மா உடைக்க மாட்டேன்னுட்டதால அத்தாவே உக்காந்து உடைச்சாரு. டம்ளர் இல்ல, நேரா அண்டாவுலதான்.

அம்மா முக்காட்டை இறுக்கிச் சுத்திக்கிட்டாங்க. ஒரு டம்ளர்ல ஒரு முட்டையை உடைச்சாங்க, தூக்கிப் பாத்தாங்க, இன்னொண்ணு உடைச்சாங்க. மூணாவதுல கெடைச்சுது. அதை எடுத்துக்கிட்டு நேரா கடைக்கு முன்னால போனாங்க. எங்க வீட்டுப் பொம்பளைங்க யாரும் அதுவரைக்கும் கடை முன்னால போய் நின்னதே இல்ல. உடைச்சு முடிச்சுட்டு கல்லாவுல உக்காந்திருந்த அத்தா எந்திரிச்சு நின்னாரு.

அந்த நேரம் பாத்து சரோஜா டீச்சர் வந்து நிக்கிறாங்க. "பாய், சைவ முட்டை கேக்கு அரைக் கிலோ குடுங்க. ஊர்ல இருந்து எல்லாம் வந்திருக்காங்க."

"டீச்சர், ஒரு நிமிஷம்"னாங்க அம்மா. டம்ளரை நீட்டினாங்க. "இதான் அந்த சைவ முட்டை. குஞ்சு பொரிக்கிறதுக்குப் பெட்டியில அடை வெச்சு, பொரிக்கலைன்னு தூக்கிப் போட்டது. உள்ள பாருங்க. பாத்துட்டு வாங்குங்க."

டீச்சர் பாத்தாங்க. அப்புறம் கேட்டாங்க, "அப்ப போன மாசம் நாங்க சாப்ட்டது?"

அந்தக் கேள்விக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். 'அது வேற முட்டைங்க'ன்னு ஒரு வார்த்தை. டீச்சர் மனசு கலங்காம முடிஞ்சிருக்கும்.

"அதுவும் இதான் டீச்சர்"னாங்க எங்க அம்மா.

டீச்சர் வாயைப் பொத்திக்கிட்டு, சாக்கடை ஓரமா போய் ஓங்கரிச்சாங்க. எனக்கு இப்ப நெனச்சாலும் அந்தச் சத்தம் கேக்குது. அத்தா அம்மா கையைப் புடிச்சு உள்ள இழுத்துட்டு வந்து, "உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கா? பாய் கடையில ரத்தத்தைத் தின்ன வெச்சுட்டான்னு ஊரே திரண்டு வந்தா என்னாடி பண்ணுவே? புள்ளைங்களை எங்க கொண்டுபோய் ஒளிய வெப்பே?"ன்னு கத்தினாரு. கத்திட்டு அவரே தலையில அடிச்சுக்கிட்டு அழுதாரு. அவரு பயந்தது பொய் இல்ல. அம்மாவுக்கும் பயம்தான்.

"வந்தா வரட்டும். நான்தான் வாசல்ல நிப்பேன், எங்கிட்ட கேக்கட்டும்"னாங்க.

சாயங்காலம் வந்தாங்க. ஒரு இருபது பேர் இருக்கும். ஒருத்தன் போர்டைக் கழட்டி ஒடைச்சான். ஒருத்தன் கேக் தட்டை சந்துல கவுத்தான். அம்மா சொன்னபடியே வாசல்ல நின்னு, "தப்பு நடந்துச்சு, நாங்களேதான் சொன்னோம். சொல்லலைன்னா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா? நாகராஜு வண்டி இன்னும் எத்தனை கடைக்குப் போவுதுன்னு போய் கேளுங்க!"ன்னு நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டாங்க. கூட்டத்துல பாதி நாகராஜுவைத் தேடிப் போயிடுச்சு. சுகாதார ஆபீசர் ஒருத்தர் மறுநாள் வந்தாரு. "எண்ணெய்க்கு சாம்பிள் எடுப்பேன், மொளகாத்தூளுக்கு எடுப்பேன். சைவ முட்டையை எந்தக் கணக்குல எடுக்கிறதும்மா?"ன்னு அவரே எங்க அம்மாவைக் கேட்டாரு. பாவம், அவருக்கும் புதுசு.

அந்தத் தீபத்துக்கு எங்க கடை மூடியே கெடந்துச்சு. அதுக்கப்புறமும் ரொம்ப நாள் ரஸ்க்குகூட ஓடல. எங்களை மன்னிச்சு ஊரு மாலை போட்டுச்சுன்னு சொல்ல மாட்டேன், போடல. அத்தா அம்மாகிட்ட முகம் குடுத்துப் பேசறதுக்கு அடுத்த நோம்பு வந்துடுச்சு. ஆனா மறுபடி கடைக்கு வந்தவங்க ஒவ்வொருத்தரும், "பாய், பாயம்மா இருக்காங்களா? அவங்களைச் சொல்லச் சொல்லுங்க"ன்னு கேட்டுத்தான் வாங்கினாங்க. அத்தாவுக்கு அது சாகுறவரைக்கும் உறுத்துச்சு.

6

இப்ப ராத்திரி சாப்பாடு முடிஞ்சுது. நடந்ததை அப்படியே எழுதறேன்.

வீட்டுக்காரர் ஆரம்பிச்சாரு. "மெஹரு, உன் வாயில ஒரு வார்த்தை. மதம். அவ்வளவுதானே? ஒரு பொய்யால யாரு சாகப்போறாங்க? எனக்கு நெஞ்சு வலி வந்தா ஆஸ்பத்திரிக்கு என்னத்தைக் கட்டுவே?"

"உங்களுக்கு நெஞ்சு வலி வராது. வந்தா எனக்குத்தான் வரும்"னேன். அவரு சிரிக்கல.

எங்க பொண்ணு ஷமீம் பக்கத்துல உக்காந்திருந்தா. பதிமூணு முடிஞ்சுது. ஸ்கூல்ல அவ பேரு ஷாம். நாம தமிழ்ல கேட்டா இங்கிலீஷ்ல பதில் சொல்லுவா. போன நோம்புல மூணு நாள் வெச்சா, பாஸ்கெட்பால் இருக்குதுன்னு விட்டுட்டா. நான் திட்டல, ஆனா மனசுக்குள்ள ஒரு முள். என் முக்காட்டைப் பாத்து, "ஸ்கூலுக்கு வரும்போது இது வேண்டாமே, அம்மா"ன்னு ஒரு தடவை சொன்னவ. அவளோட ஒரே சிநேகிதி கிறிஸ்டி. கேரியோட பொண்ணு.

"அம்மா, ப்ளீஸ். மதம்னே சொல்லிடும்மா"ன்னா. "எனக்கு இங்க கிறிஸ்டியை விட்டா யாருமே இல்ல."

என் மதத்தை வெளிய காட்டாதேன்னு சொன்ன பொண்ணு, இப்ப மதத்தைச் சொல்லுன்னு கெஞ்சறா. எனக்குக் கோவம் வரல. பயமா இருந்துச்சு. வேலையைப் பத்திக்கூட அவ்வளவு பயம் இல்ல. இவளுக்கு என்னால யாரும் இல்லாம போயிடுமோன்னு பயம். எங்க அம்மா அன்னிக்கு எதுக்குப் பயந்தாங்கன்னு இப்பதான் எனக்குப் புரியுது.

"படுத்துத் தூங்கு"ன்னேன்.

7

மேல எழுதினது ஞாயித்துக்கிழமை. இன்னிக்கு வியாழக்கிழமை. மிச்சத்தைக் கேளுங்க.

திங்கட்கிழமை அந்தப் பெரிய ஆபீசர் மேனேஜர் ரூம்ல உக்காந்திருந்தாரு. வயசானவர். கேரியும் மார்லீனும் சுவத்தோரம் நின்னாங்க. என்னை உக்காரச் சொன்னாரு.

"உங்க மத நம்பிக்கையாலதான் மிஷினை நிறுத்தினீங்கன்னு கம்பெனி சொல்லுது. அப்படித்தானா?"

என் இங்கிலீஷ் ஒரு மாதிரி. கோவம் வந்தா நேத்து நடந்தது நாளைக்கு நடக்கிற மாதிரி வந்து விழும். விழுந்தா விழட்டும்னு ஆரம்பிச்சேன்.

"இல்ல சார். என் மதத்தை இதுல இழுக்க வேணாம்னு சொல்லுங்க. நிறுத்தினது உங்க சட்டத்துக்காக. சுவத்துல நீங்கதானே ஒட்டியிருக்கீங்க? அது பெட்டி முட்டை. ரத்த வளையம் பாத்தேன், என் கண்ணால. கேரியும் பாத்தாரு, லீவரை அவருதான் அமுக்கினாரு. மார்லீனும் பாத்தா. முட்டை எனக்கு ஆகும் சார், தினமும் திங்கறேன். அந்த முட்டை யாருக்கும் ஆகாது. இவருக்கும் ஆகாது"ன்னு மேனேஜரைக் காட்டினேன்.

ஆபீசர் கேரியைக் கேட்டாரு. "கவனிக்கலை"ன்னான். மார்லீனைக் கேட்டாரு. "நான் எதையும் பாக்கலை"ன்னா. சொல்லும்போது என்னைப் பாக்கவே இல்ல. அவளுக்கு மூணு புள்ளைங்க, புருஷன் இல்ல. அவ மேல எனக்கு வருத்தம் இல்லைன்னு சொன்னா பொய். இருக்குது.

அப்புறம் ஆபீசரும் இன்ஸ்பெக்டரும் தனியாப் போய்ப் பேசினாங்க. திரும்பி வந்து, பண்ணைப் பேரே இல்லாத முட்டை கலந்திருக்குது, அதனால தொட்டியில இருக்கிறது எதுக்கும் ஆகாதுன்னு தீர்ப்பு சொல்லிட்டாங்க. இந்த ஊர்ல அதுக்கு ஒரு வழக்கம் இருக்குது. யாரும் திருட்டுத்தனமா வித்துடக்கூடாதுன்னு சாயத்தைக் கலந்துடுவாங்க. இன்ஸ்பெக்டர் தன் கையால ஊத்தினாரு. அவ்வளவு பெரிய மஞ்சத் தொட்டி கண்ணு முன்னால பச்சையா மாறுச்சு. நான் அங்கயே நின்னு பாத்தேன். போகச் சொன்னாங்க, போகல. கடைசிச் சொட்டு வரைக்கும் நின்னேன். அந்த லோடு எந்தப் பண்ணையில இருந்து வந்துச்சுன்னு இப்ப கேட்டுக்கிட்டு இருக்காங்களாம். கூப்பிட்டா மறுபடியும் போய்ச் சொல்லுவேன்.

நேத்து என்னை அனுப்பிட்டாங்க. ஆர்டர் கம்மியாம், ஆள் குறைக்கிறாங்களாம். குறைச்சது ஒரே ஒரு ஆளை. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறாங்க. வீட்டுக்காரர் டீ போட்டுக் கொண்டாந்து வெச்சாரு. சக்கரை ஜாஸ்தி. குடிச்சேன். குடிச்சுட்டு, "இப்ப நாம ரெண்டு பேரும் சேந்து வட்டம் போடலாம்"னு அவரு பேப்பரைப் புடுங்கிக்கிட்டேன்.

இன்னிக்கு சாயங்காலம் ஷமீம் ஸ்கூல் விட்டு வந்தா. பையைக்கூட கழட்டாம அடுப்பங்கரை வாசல்ல நின்னா. கண்ணு செவந்திருந்துச்சு.

மத்தியானம் சாப்பிடற எடத்துல கிறிஸ்டி எல்லார் முன்னாடியும் சொன்னாளாம். "ஷாமோட அம்மாவுக்கு மதத்துல முட்டை ஆகாது. அதனாலதான் வேலை போயிடுச்சு. எங்கப்பா சொன்னாரு."

"நீ என்னா சொன்னே?"

"எங்கம்மாவுக்கு முட்டை ஆகும். அது கெட்ட முட்டை. அது உங்கப்பாவுக்கும் தெரியும்னு சொன்னேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துட்டேன்.

அதுக்கப்புறம் யாரும் அவ மேஜையில உக்காரலையாம். திரும்பி வரும்போது பஸ்லயும் பக்கத்துல யாரும் உக்காரலையாம். கிறிஸ்டி அவளைத் தாண்டிப் போய் கடைசி சீட்ல உக்காந்துக்கிட்டாளாம். சொல்லி முடிக்கிறவரைக்கும் அழல.

"நாளைக்கு நான் கார்ல கொண்டுபோய் விடறேன் கண்ணு. கொஞ்ச நாளைக்கு பஸ் வேணாம்"னேன்.

பையைக் கழட்டி நாற்காலியில வெச்சா.

"நான் ஏன் கார்ல போகணும்? நான் பஸ்லதான் போவேன். அவங்களுக்குக் கஷ்டமா இருந்தா அவங்க எறங்கி நடக்கட்டும்"னா.